மிஞ்சிய ஜோடி

பெட்டியைத் திறந்தேன். ஆவாரம்பட்டை வாசனை வந்தது.

தோல் பதனிடும் ஆம்பூரில் அது வாசனையே அல்ல. காற்று அப்படித்தான் இருக்கும் என்று நினைத்து வளர்ந்தோம். பட்டைத் தண்ணீர், சுண்ணாம்பு, ஊறிய தோல். சென்னைக்கு வந்த பிறகுதான் காற்று சும்மாவும் இருக்கும் என்று தெரிந்தது. இந்த மாடி அறையில், மழை விட்ட மத்தியானத்தில், தகரப் பெட்டியின் மூடியைத் தூக்கியதும் யாரோ உள்ளே வந்து உட்கார்ந்தது போல இருந்தது.

பெட்டியில் ஒன்றும் இல்லை. அடியில் விரித்த பழைய செய்தித்தாள் மட்டும். அதன் நடுமடிப்புக்கு இரு பக்கமும் இரண்டு எண்ணெய்க் கறைகள். இரண்டு பாதங்கள். இடப்பக்கம் முழுப் பாதம். வலப்பக்கம் குட்டையாக, உள்ளே வளைந்த ஒன்று. நீ செய்த செருப்பு இத்தனை காலம் கிடந்த இடம்.

அந்த ஜோடி போய்விட்டது. போன வாரம் கொடுத்துவிட்டேன். அதை உன்னிடம் சொல்ல வேண்டும். காலையிலிருந்து நாற்காலியில் உட்காருகிறேன், எழுகிறேன், ஜன்னலுக்குப் போகிறேன், மறுபடி பெட்டியைத் திறக்கிறேன். கொடுத்தது சரியா? கொடுக்கச் சொன்னவன் நீ. ஆனால் உன் கைபட்டு முழுசாக இருந்தது அது ஒன்றுதான். என் காலில் கிடப்பது தேய்ந்து, இடது அடித்தோலில் தரை தெரிகிறது.

முதலிலிருந்து சொல்கிறேன். எல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். தெரிந்தவனிடம் சொல்வதுதான் எனக்கு வருகிறது.

*

மிஷன் பள்ளிக்கூடத்தின் சித்திர வகுப்பு. கரும்பலகையில் நட்டநடுவே ஒரு நேர்கோடு. கோட்டின் வலப்புறம் பாதிப் பூச்சாடி. இடப்புறத்தை நாம் போட வேண்டும். அதே வளைவு, அதே கழுத்து, கண்ணாடியில் பார்ப்பது போல. "கோட்டுல மடிச்சா ஒண்ணு மேல ஒண்ணு உக்காரணும்" என்பார் சித்திர வாத்தியார். வருஷம் முழுக்க அதுதான் பாடம். பூச்சாடி, குத்துவிளக்கு, அரச இலை, பட்டாம்பூச்சி.

என்னுடைய இரண்டாவது பாதி எப்போதும் இளைத்துப் போகும். கோட்டை விட்டுப் புறப்பட்ட கை நடுவழியில் தயங்கும். போக வேண்டிய தூரம் போகாமல் முன்னதாகவே கோட்டுப் பக்கம் திரும்பிவிடும். அழித்து அழித்துப் போட்டாலும் அதே. தாள் கிழியுமே தவிர பூச்சாடி நிமிராது.

நீ பிறவியில் இடக்கையன். ஒன்றாம் வகுப்பில் அடித்து வலக்கைக்கு மாற்றினார்கள். வலக்கை கற்றுக்கொண்டது. இடக்கை எதையும் மறக்கவில்லை. வலக்கை எழுதும்போதெல்லாம் அதுவும் கூடவே அசையும், எதிர்த்திசையில். வாத்தியார் கண்ணில் படக் கூடாதென்று அதைத் தொடைக்கடியில் போட்டு அதன்மேல் உட்கார்ந்து எழுதுவாய். பரீட்சை முடிந்து எழுந்தால் அது மரத்துக் கிடக்கும். வலக்கையால் அதைத் தூக்கி, "வாடா ராஜா, வெளிய வா" என்று தேய்த்துவிடுவாய்.

ஒரு நாள் உன்னைப் பலகைக்குக் கூப்பிட்டார். நீ வாத்தியார் போட்ட பாதியைப் பார்த்தாய். அதை அழித்தாய். இரண்டு கையிலும் சீமைச் சுண்ணாம்பு எடுத்தாய். கோட்டின் அடியிலிருந்து இரண்டு கைகளும் ஒன்றாகப் புறப்பட்டு, ஒன்றாக விலகி, ஒன்றாகச் சேர்ந்தன. முழுப் பூச்சாடி. ஒரு மூச்சு நேரம். வகுப்பு கைதட்டியது.

வாத்தியார் கைதட்டவில்லை.

"இது வித்தை. சித்திரம் இல்ல. ஒரு கைய எடுத்துட்டுப் போடு."

"ஒரு கைய எடுத்தா இன்னொண்ணு வராது சார்."

பெஞ்சு மேல் நின்றாய். பூச்சாடி நிமிராததற்காக நானும் ஏற்கனவே அங்கே நின்றுகொண்டிருந்தேன். என் தாளை எட்டிப் பார்த்துக் காதருகே சொன்னாய்: "உன் பூச்சாடிக்கும் இடது காலு சரியில்லடா."

வேறு யார் சொல்லியிருந்தாலும் அடித்திருப்பேன். சிறு வயதில் வந்த ஒரு சுரம் என் இடது பாதத்தைத் தின்றுவிட்டுப் போயிருந்தது. அது வலதைவிடக் குட்டை. விரல்கள் உள்பக்கம் பார்க்கும். அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசமாட்டார்கள். தெருவில் எல்லோரும் பேசுவார்கள். நீ மட்டும்தான் அதை வைத்துச் சிரிக்கவைத்தாய். பெஞ்சு மேல் நின்றபடி இருவரும் சிரித்து, இன்னொரு மணி நேரம் நின்றோம்.

*

நீ பள்ளியை விட்டாய். பஜாரில் உன் மாமாவின் செருப்புக் கடையில் தோல் வெட்ட உட்கார்ந்தாய். நான் வேலூருக்குப் படிக்கப் போனேன். பிறகு சென்னை. விடுமுறைக்கு வந்தால் ரயிலடியிலிருந்து நேரே கடைக்குத்தான் வருவேன்.

அங்கேதான் உன் இரண்டு கைகளுக்கும் வேலை கிடைத்தது.

முழுத் தோலைத் தரையில் விரிப்பாய். முதுகெலும்பு ஓடிய தடம் நடுவில் ஒரு கோடாகத் தெரியும். பலகையில் வாத்தியார் போட்ட அதே கோடு. தோலின் கழுத்துப் பக்கம் சப்பணமிட்டு உட்காருவாய். ஒரு ஜோடி என்றால் கோட்டுக்கு இரு பக்கமும் ஒரே இடத்திலிருந்து எடுக்க வேண்டும். அப்போதுதான் இரண்டு அடித்தோலும் ஒரே கனம், ஒரே தேய்மானம். மற்றவர்கள் ஒன்றை வரைந்து வெட்டி, அதைத் திருப்பிப் போட்டு இன்னொன்றை வரைவார்கள். நீ இரண்டு கையிலும் சுண்ணாம்போடு ஒரே இழுப்பில் இரண்டையும் போடுவாய். சந்தைக்கு வந்தவர்கள் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு நின்று பார்ப்பார்கள். உன் மாமா கல்லாவிலிருந்து கத்துவார்: "கூத்தா நடக்குது? வாங்கறவன் உள்ள வா, பாக்கறவன் அப்பால போ."

அளவு எடுப்பதில் அவருக்கு ஒரு சட்டம் இருந்தது. ஒரு கால்தான். வலது காலைத் தாள்மேல் வைக்கச் சொல்லி, பென்சிலால் சுற்றி ஒரு கோடு. இடது உன் கையிலிருந்து வரும். இரண்டு காலையும் சேர்த்து வைக்க யாராவது போனால் பதறிவிடுவார்.

"உசுரோட இருக்கறவன் ரெண்டு காலையும் சேத்து வெக்கக் கூடாதுய்யா. அது சவப்பொட்டி செய்யறவன் எடுக்கற அளவு."

எனக்கும் அப்படியே. என் வலது காலை வைப்பேன். அதன் கண்ணாடி பிம்பமாக ஒரு இடது செருப்பு வரும். பார்க்க அழகு. என் இடது பாதம் அதற்குள் ஒரு அந்நிய வீட்டில் இருப்பது போல இருக்கும். முனையில் பஞ்சு திணித்துக் கொடுப்பாய். பஞ்சு நசுங்கும். குதிகால் வழுக்கும். கொப்புளம் வரும், உடையும், காயும். வருஷக் கணக்காக என் வலது காலின் பிம்பத்தை மாட்டிக்கொண்டு நடந்தேன்.

*

சென்னையிலிருந்து கடிதம் வந்தது. கல்லூரியில் துணை ஆசிரியர் வேலைக்கு நேர்காணல். எனக்கு அந்தக் கட்டிடம் தெரியும். நீண்ட தாழ்வாரம். அதன் கோடியில் ஒரு கதவு. கமிட்டியார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, வருகிறவன் நடந்து வருவதைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள் என்று முன்னே போனவர்கள் சொல்லியிருந்தார்கள். எனக்குத் தூக்கம் போயிற்று. வேலைகூட இரண்டாம் பட்சம். அந்தத் தாழ்வாரம்தான்.

நீ புதிதாக ஒரு ஜோடி செய்தாய். முன்பக்கம் மூடி, பின்னால் வார் வைத்தது. நல்ல தோல். வழக்கம் போல வலது காலின் அளவு. போட்டுக் கடைக்குள் நடந்தேன். நான்காவது அடியில் முகம் சுளித்தேன்.

"பஞ்சு வெக்கறேன் இரு."

"பஞ்சு வேணாம். என் இடது கால் எப்படி இருக்கோ அப்படியே ஒண்ணு போடு."

"ஜோடி கெட்டுப்பூடும்."

"கெடட்டும்."

"டேய், ஜோடியா இருந்தா எவனும் கீழ பாக்க மாட்டான். ஜோடி இல்லன்னாதான் எல்லாவனும் பாப்பான்."

"பாக்கட்டும். எனக்கு வலிக்குதுடா."

அப்போது நான் படித்துக்கொண்டிருந்த புத்தகங்களெல்லாம் என் வாயில் இருந்தன. உலகத்தில் எதுவும் இரு பக்கமும் ஒன்று போல இல்லை என்றேன். ஒழுங்கு என்பது நாம் பயந்துபோய் வரைகிற கோடு என்றேன். சித்திர வாத்தியார் நம் தலையில் கட்டிய பொய் என்றேன். இன்னும் என்னென்னவோ. நீ சுண்ணாம்பைக் காதில் செருகிக்கொண்டு முடியும்வரை கேட்டாய்.

"பேசி முட்ச்சியா? ரொம்ப பேஜார்டா உன்னோட. காலத் தூக்கி வை."

வலது அளவு ஏற்கனவே கடையில் இருந்தது. அன்று இடது மட்டும் வைத்தேன். முதல் முறையாக என் இடது பாதத்தை ஒருவர் கண்முன் வெள்ளைத் தாளில் வைத்தேன். கூசியது. பென்சில் விரலிடுக்கில் ஊர்ந்துபோனது.  

மறுநாள் காலை வந்தேன். அதே தோலிலிருந்து வெட்டித் தைத்து வைத்திருந்தாய். இடதை மாட்டினேன். கால் உள்ளே போனது தெரியவில்லை. தண்ணீரில் வைத்தது போல. எங்கும் தொடவில்லை, எங்கும் விடவில்லை. பிறகு வலதை மாட்டினேன். பாதி போய் நின்றுவிட்டது. குனிந்து பார்த்தேன். குட்டையாக, உள்ளே வளைந்து.

உன் மாமா எட்டிப் பார்த்தார். "இன்னாடா இது, ரெண்டும் நொண்டி!" என்று வெடித்துச் சிரித்தார். சிரித்தபின் என்னைப் பார்த்தார். நாக்கைக் கடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நீ உன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாய். தாளில் இருந்தது ஒரே ஒரு பாதம். தோல்மேல் குனிந்ததும் இரண்டு கையும் புறப்பட்டுவிட்டன. உடம்பில் ஊறிய வேலை. ஒரு கால் அளவு வந்தால் ஒரு ஜோடி போடும்.

"கை கேக்கல" என்றாய்.

எனக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. கோபம். அழுகை. தோல் வீண், நாள் வீண், தாழ்வாரம் அப்படியே இருக்கிறது. அப்போது நீ என் வலது காலைப் பிடித்து இழுத்தாய். முதல் ஜோடியின் வலது செருப்பை மாட்டினாய்.

"நட."

நடந்தேன். வலது, முதல் ஜோடியிலிருந்து. இடது, இரண்டாவதிலிருந்து. கடையை விட்டு இறங்கிப் பஜார் முனைவரை போனேன். திரும்பி வந்தேன். வலிக்கவில்லை. இன்னொரு முறை போனேன். பூக்காரம்மா, "இன்னா தம்பி, ஏதாச்சும் வுட்டுட்டியா?" என்று கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினேன்.

திரும்பி வந்தபோது மீதி இரண்டையும் பலகைமேல் ஜோடியாக வைத்திருந்தாய். முழு இடது. வளைந்த வலது. என் கால்களுக்கு நேர் எதிர்.

"இது யாருக்குடா?" என்றேன்.

"உனக்கு எதிர்ல நிக்கறவனுக்கு."

"எவன் அவன்?"

"கண்ணாடில இருப்பான் பாரு." சிரித்தாய். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாய்: "இருப்பான்டா. இம்மாம் பெரிய ஒலகத்துல எவனுக்காச்சும் வலது காலு இப்டி போயிருக்காதா? அவனும் எங்கியோ பஞ்சு வெச்சுக்கினு நடக்கறான். பாத்தா குடு."

தாழ்வாரத்தில் நடந்தேன். கதவு திறந்திருந்தது. உள்ளே இருந்தவர்கள் ஏதோ தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் என் நடையைப் பார்க்கவில்லை. வேலை கிடைத்தது. யாரும் பார்க்காததை நினைத்து இன்றும் ஒரு விசித்திரமான ஏமாற்றம்.

என்னைக் குடைவது வேறு. நீ தவறாகச் செய்தாயா, தெரிந்தே செய்தாயா? ஒரு கையை உட்காரவைத்து எழுதத் தெரிந்தவன் நீ. அன்று ஏன் அதன்மேல் உட்காரவில்லை? கேட்ட போதெல்லாம் "கை கேக்கல" என்ற அதே பதில். அதே முகம்.

*

வேலூர் ஆஸ்பத்திரி. விஷக்காய்ச்சல் என்றார்கள். நான் வந்து சேர்ந்தபோது உன் பேச்சு பாதியாகியிருந்தது. கைகள் மட்டும் போர்வைமேல் ஓயவில்லை. நெஞ்சுக்கு நடுவிலிருந்து புறப்பட்டு, விலகி, சேர்ந்து. எதையோ போட்டுக்கொண்டே இருந்தன. பூச்சாடியா, அடித்தோலா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நர்ஸம்மா வந்து கைகளைப் பிடித்து உடம்போடு சேர்த்து வைத்தார். அவர் போனதும் மறுபடி புறப்பட்டன.

"அவன் கெடச்சானா?" என்றாய்.

"யாரு?"

"உன் எதிராளி."

"இல்லடா."

"நீ தேடல."

"எங்க தேடறது? ஊர்ல எல்லார் காலையும் குனிஞ்சு பாத்துக்கினு போனா அடிப்பாங்க."

"அடிச்சா ஓடு. இப்பதான் ஓட வருதே."

அதுதான் நீ என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு. நான் சிரித்தேன். அதற்காக என்னை நான் நொந்துகொள்வதில்லை. சிரிக்கத்தான் சொன்னாய்.

வீட்டில் உன்னைக் கிடத்தியிருந்தார்கள். பெட்டி செய்கிறவர் அளவெடுக்க வந்தார். கால்மாட்டில் போர்வையை விலக்கினார். உன் இரண்டு பாதங்களையும் சேர்ந்தாற்போல் அன்றுதான் பார்த்தேன். நீ எப்போதும் சப்பணமிட்டு அவற்றை மறைத்தே உட்கார்ந்திருப்பாய். இடது வலதைவிடச் சற்று நீளம். சுண்டுவிரல் வேறு பக்கம் சாய்ந்திருந்தது.

டேய், உன் ஜோடியே ஜோடி இல்லை.

திரும்பி உன்னிடம் சொல்லப் போனேன். வாயைத் திறந்துவிட்டேன். பக்கத்தில் உன் மாமா நின்றிருந்தார். அவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

*

அதன் பிறகு தேடினேன். தேட வேண்டும் என்று முடிவு செய்ததாக நினைவில்லை. கண் கீழே போய்விடும், அவ்வளவுதான். டிராமில் எதிர் வரிசையின் கால்கள். கடற்கரை மணலில் தடங்கள். வகுப்பில் பெஞ்சுக்கடியில் மாணவர்களின் பாதங்கள். பாடம் நடுவில் நின்றுவிடும். "சார்?" என்பார்கள். எங்கே விட்டேன் என்று தெரியாது.

எத்தனை விதமான கால்கள். ஒன்று போல இரண்டு கால் உள்ளவனையே நான் பார்க்கவில்லை. ஆனால் வலது குட்டையாகி உள்ளே திரும்பியவனும் அகப்படவில்லை. ஊருக்குப் போகும்போதெல்லாம் ஜோடியைப் பெட்டியில் வைத்து எடுத்துப்போனேன். திரும்பக் கொண்டுவந்தேன். வெயிலில் காட்டி, எண்ணெய் தடவி, மறுபடி அதே தாள்மேல் அதே இடத்தில் வைத்தேன். ஒவ்வொரு முறையும் ஒரு பக்கம் ஏமாற்றம். ஒரு பக்கம் நிம்மதி.

போன வாரம் காட்பாடி. உன் மாமாவைப் பார்த்துவிட்டு, வேலூரில் ஒரு வேலையையும் முடித்துக்கொண்டு சென்னை வண்டிக்குக் காத்திருந்தேன். வெயில். பிளாட்பாரத்தில் ஒருவர் வேர்க்கடலைக் கூடையோடு நடந்து வந்தார். முதலில் நடையைக் கேட்டேன். ஒரு அழுத்தம், ஒரு இழுப்பு. எனக்குத் தெரிந்த தாளம். நிமிர்ந்து பார்த்தேன். வெறுங்கால். வலது பாதம்.

 எழுந்தேன். உட்கார்ந்தேன்.

"இன்னா சார், கடலயா?"

"அண்ணே, ஒரு நிமிஷம் இப்படி உட்காருங்களேன்."

"வண்டி வர்ற நேரம் சார். வேணும்னா வாங்கு."

"உங்க கால்..."

அவர் முகம் மாறியது. "காலுக்கு இன்னா? மரத்துலேர்ந்து வுழுந்தேன். உனக்கு இன்னா அதப் பத்தி?"

என்னால் விளக்க முடியவில்லை. என் இடது செருப்பைக் கழற்றிப் பாதத்தைக் காட்டினேன். அவர் பார்த்தார். கூடையை இறக்கினார். எனக்கு இடப்பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். பாதத்தைத் தானாகவே என் பாதத்துக்கு அருகில் கொண்டுவந்து வைத்தார். அவருடைய வலது, என்னுடைய இடது. நடுவில் இரண்டு வளைந்த பாதங்கள். வெளியே இரு பக்கமும் முழுப் பாதங்கள். எங்கள் இருவருக்கும் நடுவே, சிமென்ட் தரையில், யாரோ ஒரு கோடு போட்டிருந்தது போல இருந்தது.

"அட" என்றார். "உனக்கு எப்டி ஆச்சு?"

"சுரம்."

"ஏதோ ஒண்ணு. இழுக்கறது ஒண்ணுதான்."

பெட்டியைத் திறந்து ஜோடியை எடுத்தேன். அவர் சந்தேகமாகப் பார்த்தார்.

"விக்கறியா? திருட்டு மாலு இல்லியே?"

"இல்லண்ணே. சும்மா. போட்டுப் பாருங்க."

இடது சரியாக உட்கார்ந்தது. வலது முழுக்கச் சேரவில்லை. அவர் பாதம் என் பாதத்தைவிட அகலம். கட்டைவிரலருகே பிதுங்கியது. உன் கணக்கு தப்பு. எனக்கு அச்சு அசலான எதிராளி யாரும் இல்லை. சொல்லிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று கை நீண்டது. நீண்டதை நான் பார்த்தேன்.

அவர் எழுந்து நின்று விரல்களை அசைத்தார். "கொஞ்சம் இறுக்குது. போகப் போக எளகிடும். நல்ல தோலு." தோலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். "யாரு தச்சது?"

"என் தோஸ்த்து."

"எங்க கட?"

"இப்ப இல்லண்ணே. செத்துட்டான்."

 அவர் கூடையிலிருந்து ஒரு கை கடலையை அள்ளி என் மடியில் கொட்டினார். பிறகு, "அப்போ இது கிழிஞ்சா எவன் தைக்கறது?" என்றார்.  

வண்டி வந்தது. அவர் பெட்டி பெட்டியாகக் கூவிக்கொண்டே போனார். நான் ஏறி ஜன்னலருகே உட்கார்ந்தேன். பிளாட்பாரக் கோடியிலிருந்து அவர் திரும்பி என்னை நோக்கி நடந்து வந்தார். முழு இடது. வளைந்த வலது. தோள் ஒரு பக்கம் இறங்கி ஏறியது. பார்த்துக்கொண்டே இருந்தேன். நான் நடந்து வருவதை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. இவ்வளவுதானா? இதற்கா அந்தத் தாழ்வாரம்? வண்டி நகர்ந்தது. அவர் ஜன்னலைத் தாண்டிப் போகும்போது என்னைப் பார்க்கவில்லை. வியாபாரத்தில் இருந்தார்.

*

எனக்கு இப்போது புதுச் செருப்பு வேண்டும். நேற்று இங்கே ஒரு கடைக்குப் போனேன். "வலது காலை வைங்க சார்" என்றார் கடைக்காரர். எழுந்து வந்துவிட்டேன்.

இப்போது மழை மறுபடி பிடித்திருக்கிறது. பெட்டியிலிருந்து தாளை எடுத்துவிடலாம் என்று உருவினேன். எங்காவது வைக்க வேண்டுமே என்று தரையில் போட்டேன். அது மறுபக்கம் மேலே தெரியக் குப்புற விழுந்தது.

எண்ணெய் தாளைத் தாண்டி மறுபக்கம் இறங்கியிருக்கிறது. இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் வலது முழுசு. இடது குட்டை. உள்ளே வளைந்து.

என் கால்கள்.

அருகே போனேன். தள்ளி வந்தேன். மறுபடி போனேன். செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு காலையும் அதன்மேல் வைத்தேன். உயிரோடு இருக்கிறவன் செய்யக் கூடாததை. சேர்த்துத்தான் வைத்தேன். வலது பொருந்தியது. இடது பொருந்தியது. விளிம்பு எங்கும் தொடவில்லை, எங்கும் விடவில்லை. இத்தனை நாள் நான் தூக்கிச் சுமந்தது எவனோ ஒருவனின் அளவு என்று நினைத்திருந்தேன்.

கை கேட்கவில்லை என்றாய். போகட்டும். தெரிந்தே செய்தாயா என்று இனி உன்னைக் கேட்கமாட்டேன்.

மண்டியிட்டு உட்கார்ந்து இரண்டு கையிலும் பென்சில் எடுத்தேன். மடிப்புக்கு இரு பக்கமும் கறையின் ஓரமாக ஒன்றாகப் புறப்பட்டேன். வலக்கை முழுதாகச் சுற்றி வந்தது. இடக்கை நடுவழியில் தயங்கியது. போக வேண்டிய தூரம் போகாமல் முன்னதாகவே கோட்டுப் பக்கம் திரும்பியது. பள்ளிக்கூடத்தில் எப்போதும் திரும்பிய அதே இடத்தில். இந்த முறை அழிக்கவில்லை. அது சரியாக இருந்தது.

தாளை நடுமடிப்பில் மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். ஒன்றின்மேல் ஒன்று உட்காரவில்லை. மழை விட்டதும் கடைக்குப் போவேன். அவர் வலது காலைக் கேட்பார். இதை விரித்துக் காட்டுவேன்.